சொறித்தவளைக்கு மஞ்சள் பூசியவள்

நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒரு தவளைப் படம் வந்தது. பிள்ளைகள் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டிவலி. படத்திலிருந்த தவளைக்குப் பச்சை உடம்பு, சிவப்புக் கண், ஆரஞ்சு நிற விரல்கள். கீழே 'அழிந்துவரும் உயிர்களைக் காப்போம்' என்று எழுதி மூன்று கும்பிடு. அது எந்த நாட்டுக் காட்டில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. நம் ஏரியில் ஒருநாளும் இருந்ததில்லை. உடனே இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். அவளுக்கு எழுத ஆரம்பித்ததுதான் இது. நீண்டுவிட்டதால் எல்லோருக்கும் அனுப்புகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.

திருக்கழுக்குன்றத்தில் புதுப்பட்டினம் பஸ் ஏறி, பாதி வழியில் ஏரிக்கரையில் இறங்கினால் நம் ஊர். உங்களில் பலர் ஊர்த்தெரு, என்னைப்போலச் சிலர் ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கடைவாசலில் இருந்த தெரு. பள்ளிக்கூடம் மட்டும் பொது. அங்கேயும் தண்ணீர்ப் பானைக்கு இரண்டு டம்ளர் இருந்தது, எது யாருக்கு என்று யாரும் சொல்லித்தராமலே நமக்குத் தெரிந்திருந்தது. மறந்திருப்பீர்கள். எனக்கு அந்த அலுமினிய டம்ளரின் நெளிவு இன்னும் விரலில் இருக்கிறது.

என் நைனா மதகுக்காரர். ஏரி மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்துப் பாய்ச்சுவது அவர் வேலை. அறுப்பு நாளில் களத்திலேயே கூலி நெல் அளந்து போடுவார்கள். எங்கள் தெருவில் கையளவு நிலம் யாருக்கும் கிடையாது. அதனால் மதகு வேலை என்றால் ஒரு மரியாதை. 'மதகுக்காரன் பொண்ணு' என்று என்னைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன்.

அவர் காதால் தண்ணீர் பாய்ச்சியவர். இது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். மழைக்காலத்தில் பொழுது சாய்ந்தபிறகு கரைமேல் நின்று தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்பார். ஏரிக்கீழ் வயல்களில் தவளைகள் கத்திக்கொண்டிருக்கும். எந்தத் திசையில் சத்தம் கெட்டியாக இருக்கிறதோ அங்கே தண்ணீர் நிறைந்துவிட்டது. எங்கே சத்தம் அறுந்து அறுந்து வருகிறதோ அங்கே இன்னும் ஏறவில்லை. திடீரென்று ஒரு மூலை அடங்கிப்போனால் வரப்பு உடைந்து தண்ணீர் வடிகிறது. "கெழக்கால துண்டுல வரப்பு பூட்ச்சி" என்று சொல்லி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடப்பார். போய்ப் பார்த்தால் உடைந்திருக்கும்.

அந்தத் தவளைகளைச் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் ஒன்றுதான் கொள்ளும். மற்ற நாளில் பாசி நிறம், முதுகில் ஒரு மஞ்சள் கோடு. முதல் பெருமழை அடித்த அன்று ஆண்தவளைகள் எல்லாம் எலுமிச்சம்பழ நிறத்துக்கு மாறிவிடும். கத்தும்போது கன்னத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் ஊதா நீலத்தில் பலூன் உப்பும். மழைத்தண்ணீரில் மஞ்சளும் நீலமுமாக அவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாரோ அலங்காரம் பண்ணி இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் தெருவில் அவற்றுக்கு 'மாப்பிள்ளை' என்றுதான் பேர். "மாப்பிள்ளைங்க வந்துட்டானுங்க" என்றால் மழைக்காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு எட்டு வயதில் அந்த வண்டி வந்தது. சென்னைப் பக்கத்திலிருந்து, பின்னால் ஐஸ் பெட்டி வைத்த வண்டி. கூடவே ஒரு கமிஷன்காரர், வெள்ளை பேண்ட், வாயில் எப்போதும் பாக்கு. தவளைக்காலை வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடுகிறார்கள், எத்தனை பிடித்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். ஊரில் மூடிக் கிடந்த அரிசி மில் ஷெட்டை அவருக்கு வாடகைக்கு விட்டது யார் என்பது உங்களில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். சிவப்புக் கண் தவளைப் படத்தை அனுப்பியவருக்கு. அவருடைய அப்பாதான். அந்தப் பெரிய வீட்டுக்காரரைப் பற்றி இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் தெரு முழுவதும் சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. முதல் மழையில்தான் கூட்டம். கத்துகிற மாப்பிள்ளைகள் வெளிச்சத்தைக் கண்டால் அசையாது. சோடி சேர்ந்து கிடப்பவை ஓடவே ஓடாது. மேலே இருப்பதைப் பிடித்தால் கீழே இருப்பதும் சேர்ந்து வரும். நைனாதான் எல்லாரையும்விட அதிகம் பிடித்தார். காதால் கண்டுபிடிக்கிறவருக்குக் கேட்கவா வேண்டும். அதுவரைக்கும் நெல்லாகவே கூலி வாங்கிப் பழகிய தெருவில் முதல்முறையாகக் காசு புழங்கியது. அக்காவுக்குக் கம்மல் வந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் போக ரப்பர் செருப்பு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாக நடக்க முடியாது, கையில் எடுத்துக்கொண்டு நடந்து அப்புறம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் செருப்பு செருப்புதான்.

அக்கா ஷெட்டில் கால் நறுக்கப் போனாள். அங்கே பிளீச்சிங் பவுடரும் சேற்றுக் கவிச்சியும் சேர்ந்து ஒரு நாற்றம் அடிக்கும். அவள் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்தாலும் தலைமுடியில் அது இருக்கும். கால் போக மிச்சத்தை மில்லுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் கொட்டினார்கள். ஒருநாள் அவளுக்குச் சோறு கொடுக்கப் போனபோது அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். காலில்லாத தவளைகள் இன்னும் முன்கையை அசைத்துக்கொண்டிருந்தன. நான் ஓடிவந்துவிட்டேன். அக்காவிடம் கேட்டதற்கு, "பாக்காத. நானும் பாக்குறதில்ல" என்றாள்.

நாங்கள் தவளையைச் சாப்பிடுவோம் என்று நீங்கள் அன்றைக்குப் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருத்தி அழுதாள். நாங்கள் ஒரு கால் தின்றதில்லை. யார் தின்கிறார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரர் என்றால் எங்களுக்கு மாமல்லபுரத்தில் சுற்றுகிற வெள்ளைக்காரர்கள்தான். மாசி மகத்துக்குக் குளிக்கப் போனபோது, கடற்கரைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரம்மாவை நான் வெகுநேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன், தட்டில் தவளைக்கால் இருக்கிறதா என்று. அந்தம்மா இட்லி தின்றுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே எனக்கு ஒன்றை நீட்டினார். நான் வாங்கவில்லை.

இத்தனை பிடிக்கிறோமே, தீர்ந்துபோகாதா என்று யாரும் கேட்கவில்லையா என்று கேட்பீர்கள். அம்மா கேட்டாள். நைனா சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"தவக்கள இன்னா மாடா, கண்ணு போட்டு வளக்குறதுக்கு? அத்து மண்ணுல கீது. மழ பேஞ்சா மொளைக்கும். புல்லு மொளைக்கல?"

தெருவே அப்படித்தான் நம்பியது. காய்ந்து கிடந்த வயலில் ஒரு மழைக்குள் ஆயிரம் தவளை வந்துவிடுகிறதென்றால் வேறு எப்படி நினைப்பார்கள்? ஒன்று தெரியுமா, ஊர்த்தெருவும் அப்படித்தான் நம்பியது. மண்ணுக்குள்ளிருந்து முளைப்பதை அறுத்து விற்கிறார்கள், நமக்கென்ன நஷ்டம் என்று.

மூன்று மழைக்காலம் வண்டி வந்தது. மூன்றாவது வருடத்தில் சாக்கு பாதிகூட நிறையவில்லை. பிறகு அரசாங்கம் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது என்றார்கள். வண்டி நின்றது. கமிஷன்காரர் கடைசித் தவணையைத் தராமலே போனார். அடுத்த மழைக்குப் பொழுது சாய்ந்தபிறகு நைனா கரைமேல் போய் நின்றார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னத் தவளைகள் கிச்சுகிச்சென்றன. மாப்பிள்ளைகள் ஒருவனும் இல்லை. அன்றிலிருந்து அவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வரப்பாக நடந்து பார்த்துத்தான் தண்ணீர் பாய்ச்சினார். முன்பு நின்ற இடத்தில் நின்று செய்த வேலைக்கு இப்போது விடிய விடிய நடந்தார். பயிரில் புகையான் பூச்சி விழுந்தது. மருந்து அடித்தார்கள், அடுத்த பருவத்தில் இரண்டு மடங்கு அடித்தார்கள். பூச்சி தின்ன ஆளில்லை என்று அப்போது ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருடம். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம் மழையே இல்லை.

ஏரி வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் காலை விட்டால் கணுக்கால் வரைக்கும் போகும். ஐப்பசி பிறந்தும் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஊரில் கூடிப் பேசித் தவளைக்குக் கல்யாணம் பண்ணுவது என்று முடிவெடுத்தார்கள். ஒரு ஆண் தவளையும் ஒரு பெண் தவளையும் பிடித்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மஞ்சள் கயிறு கட்டி, மேளதாளத்தோடு கல்யாணம் நடத்தி ஏரியில் விட்டால் மழை வரும். அந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். தவளையை யார் கொண்டுவருவது என்பதும் வழக்கம்தான்.

பெரிய வீட்டுக்காரர் எங்கள் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கூப்பிட்டார். நைனாவைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் நைனா அவரை 'ஆண்ட' என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னாடா, ஏரி காஞ்சி கெடக்குது. வெள்ளிக்கெழம தவக்களக் கல்யாணம் வெச்சிக்கீறோம். ஒரு சோடி புடிச்சாந்து குடு."

நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "தவக்கள எங்க கீது, ஆண்ட?"

"எங்க கீதா? சாக்கு சாக்கா புடிச்சீங்களே, ஒரு சோடி மிச்சம் வெக்காமயா தின்னீங்க?"

"நாங்க எங்க ஆண்ட தின்னோம். வண்டிக்கித்தான குடுத்தோம்."

"அந்தக் கதையெல்லாம் எனக்கு வாணாம். தவக்களய தொரத்துனது உங்க தெரு. அதான் மழ வரல. ஊரு முழுக்க அதான் பேசிக்கினு கீது. சோடி வந்தா மதகு உன்னுது. வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஷெட் வாடகையைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை ஞாபகமில்லை. நைனா என்னைப் பார்த்து, "மம்முட்டிய எட்து வா" என்றார்.

அக்கா அதற்குள் கல்யாணம் ஆகிப் போயிருந்தாள். அம்மா கல்பாக்கம் பக்கம் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தாள். அதனால் நான்தான் கூடப் போனேன். ஐந்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஊரின் பாழுங்கிணறுகள் எல்லாவற்றிலும் எட்டிப் பார்த்தோம். மதகுக்கு முன்னால் ஏரி ஆழமாக இருக்கும் பள்ளத்தில் மட்டும் மண் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. அங்கே தோண்ட ஆரம்பித்தார். வெட்டுவார், குனிந்து மண்ணைக் கையால் அள்ளிப் பிசைந்து பார்ப்பார், மறுபடி வெட்டுவார். "அடில ஈரம் கீது. இருந்தா இங்கதான் இருப்பான்" என்றார். யாரிடமோ கடன்பட்டவரைப்போல அப்படித் தோண்டினார்.

நான்காவது நாள் மத்தியானம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மண்டி போட்டார். இடுப்பளவு பள்ளம். களிமண் கட்டி ஒன்றைக் கையால் மெல்லப் பிட்டார். உள்ளே ஒரு குழிவில், கையைக் காலை உடம்போடு மடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அது இருந்தது. மேலே காய்ந்த சவ்வு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. செத்துவிட்டதென்று நினைத்தேன். நைனா எச்சிலைத் தொட்டு அதன் முதுகில் தடவினார். மஞ்சள் கோடு தெரிந்தது. தொண்டையின் இரண்டு பக்கமும் கறுத்த சுருக்கம்.

"மாப்புளடி. நெசமான மாப்புள."

அது ஒரு கண்ணைத் திறந்தது. தங்கக் கண். நைனா அழுதார். நான் அதற்கு முன்னால் அவர் அழுது பார்த்ததில்லை. வேலை தப்பிவிட்டதென்று சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது வருடம் ஆகப்போகிறது, அது சந்தோஷம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

பெண் கிடைக்கவில்லை. ஐந்தாவது நாள் முழுவதும் அந்தப் பள்ளத்தைச் சுற்றித் தோண்டியும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் அம்மாதான் சொன்னாள். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சொறித்தவளைகள் எப்போதும் இருக்கும், முதுகெல்லாம் கொப்புளமாக. வண்டிக்காரன் அதை வாங்கவில்லை, அதனால் அதை யாரும் பிடிக்கவில்லை.

"அதுல ஒண்ணுக்கு மஞ்சளப் பூசிடு. ஊர்க்காரங்களுக்கு இன்னா தெரியும்? அவுங்க என்னிக்கி தவக்களயக் கையால தொட்டுக்கீறாங்க?"

நைனா மாப்பிள்ளையை ஒரு மண்சட்டியில் ஈர மண்போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே, "அப்பிடின்னா ரெண்டுமே சொறித்தவக்களையா வெச்சிட்டா இன்னா?" என்றார். "இத்த எட்த்த எடத்துலயே பூட்டு மண்ணப் போட்டு மூடிடறேன். மழ வந்தா தானா வருவான்."

பதில் சொன்னது நான்.

"வாணாம் நைனா. ரெண்டுமே பொய்யாப் பூட்டா மழ வராது. சாமிக்குத் தெரியும். மழ வரலன்னா வேல பூடும்."

பன்னிரண்டு வயதுப் பெண் சொன்னதை ஒரு ஆள் கேட்பாரா என்று நினைப்பீர்கள். கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். ரேஷன் கடைச் சீட்டிலிருந்து பஸ் போர்டு வரைக்கும் என்னைக் கேட்டுத்தான் அவர் நம்புவார். அன்றைக்கும் நம்பினார். "மாப்புளயாவது நெசமா இருக்கட்டும்" என்றார்.

விடியற்காலையில் அம்மா மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். நான்தான் பூசினேன். சொறித்தவளையின் கொப்புளங்கள் மறையும் வரைக்கும் இரண்டு தடவை பூசினேன். அதன் முதுகிலிருந்து பால் மாதிரி ஏதோ கசிந்து விரலில் ஒட்டியது, எரிந்தது. மாப்பிள்ளைக்கும் பூசினேன். மழைநாளில் அது தானாகவே எடுக்கிற நிறத்தை நான் அரைத்த மஞ்சளால் அதற்குக் கொடுத்தேன். அது என் உள்ளங்கையில் தொண்டை துடிக்க உட்கார்ந்திருந்தது, சத்தம் போடவில்லை. அழகாக இருந்தது என்று நினைத்தேன்.

கல்யாணம் பிள்ளையார் கோயில் வாசலில். உங்களில் பலர் முன்வரிசையில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நின்றீர்கள். நாங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம். எங்கள் தெரு ஆட்களின் மேளம் ரோட்டோரத்திலிருந்தே அடித்தது. பூசாரி இரண்டையும் ஒரே பித்தளைக் குண்டானில் விட்டு, நாலு விரல் தண்ணீர் ஊற்றி, வெயிலில் மணைமேல் வைத்தார். பொட்டு என்று சொல்லி ஆளுக்கொரு சிட்டிகை குங்குமம் போட்டார்கள். தண்ணீர் சிவந்துபோனது. கயிறு கட்டினார்கள். கயிற்றை இறுக்கியதும் பெண்கள் சிரித்தார்கள். 'மாப்பிள்ளை வெக்கப்படுறாரு' என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, சொல்லிவிடுகிறேன்.

நைனா சிரிக்கவில்லை. ரோட்டு ஓரம் வரைக்கும் போய் நின்றார்.

"ஆண்ட, குண்டான கொஞ்சம் நெழல்ல வையுங்க. தண்ணி சுடும்."

யாரும் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "ஆண்ட, ரெண்டையும் ஒண்ணா வெக்காதீங்க. அந்தப் பாலு இதுக்கு ஆவாது."

பெரிய வீட்டுக்காரர் திரும்பினார். "பொண்ணு மாப்புளயத் தனியா வெச்சி கல்யாணம் பண்ணுவாங்களா? எட்டி நில்லு."

சிரித்தார்கள். ரோட்டின் அகலம் எவ்வளவு இருக்கும்? பத்துத் தப்படி. அந்தப் பத்துத் தப்படியைத் தாண்டிப் போய் அந்தக் குண்டானை ஒரு கையால் நிழலுக்கு இழுக்க என் நைனாவால் முடியவில்லை. நாலு நாள் மண்ணைத் தோண்டி எடுத்தவர். ஊரில் மதகைத் திறந்து அத்தனை பேர் வயலுக்கும் தண்ணீர் விட்டவர். அங்கேயே நின்றுகொண்டு வெறும் கையைப் பிசைந்தார். உங்களில் யாராவது ஒருவர், சின்னப் பிள்ளைதானே, குண்டானைத் தள்ளி வைத்திருக்கலாம். நீங்கள் அவர் சொன்னதைக் கேட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து குண்டானை ஏரிக்கரையில் வைத்துவிட்டு நைனாவை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மஞ்சள் பூசிய சொறித்தவளை உயிரோடு இருந்தது. மாப்பிள்ளைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை அசையவில்லை. வயிறு தெரிய ஒருபக்கம் சாய்ந்திருந்தது. மஞ்சளா, குங்குமமா, வெயிலா, அந்தப் பாலா, எது கொன்றது என்று எனக்குத் தெரியாது. நைனா எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கரையில் ஊர் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை செத்தது தெரிந்தால் அபசகுனம். வேலை அன்றைக்கே போயிருக்கும். அவர் ஏரிக்குள் இறங்கி, தோண்டிய பள்ளம் வரைக்கும் நடந்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்து, விடுவதுபோல விட்டார். கரையில் கைதட்டினார்கள். சொறித்தவளை ஒரு வெடிப்புக்குள் குதித்து மறைந்தது. மற்றதை அவர் மண் போட்டு மூடினார்.

வீட்டுக்கு வரும் வழியில், "யாராண்டயும் சொல்லாத" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம்.

இரண்டு வாரத்தில் மழை வந்தது. சாயங்காலம் ஆரம்பித்து விடாமல் கொட்டியது. ஊர் முழுக்க ஒரே பேச்சு, தவளைக் கல்யாணம் பலித்துவிட்டதென்று. மறுநாள் மழை விட்ட நேரத்தில் நைனாவோடு கரைக்குப் போனேன். மதகுப் பள்ளத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. வயலெல்லாம் வெள்ளக்காடு. அவர் பழைய பழக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றார். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் நின்றார். நான் குளிர்ந்துபோய், "போலாம் நைனா" என்று துண்டை இழுத்தேன்.

"இவ்ளோ தண்ணி கீது. ஒருத்தன் கூப்புட்றானா பாரு."

அந்த ஒருத்தன் இருந்திருந்தாலும் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது, பதில் சொல்ல ஒருத்தி எங்கே என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் எங்கேயாவது ஒரு மூலையில், யாரும் தோண்டாத மண்ணுக்குள், ஒருத்தி இருந்திருக்கலாம். அந்த மழைக்கு அவள் மேலே வந்திருக்கலாம். ஒரு குரல் கேட்குமா என்று காத்திருந்திருக்கலாம். இதை நான் எத்தனை தடவை நினைத்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பெரிய வீட்டுக்காரர் நைனாவுக்குப் புது வேட்டி கொடுத்தார். கையில் கொடுக்கவில்லை, களத்துத் திட்டில் வைத்தார். "பாத்தியாடா, நீ புடிச்சாந்த சோடி ராசி. இனிமே எப்ப மழ இல்லன்னாலும் நீதான் புடிச்சாரணும்."

"சரிங்க ஆண்ட" என்றார் நைனா.

நான்கு வருடம் கழித்து மறுபடி மழை பொய்த்தது. நான் அப்போது செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிப் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நைனா தொட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு சொறித்தவளைகளைப் பிடித்து வந்து என் முன்னால் வைத்தார். அம்மா மஞ்சள் அரைத்து வைத்திருந்தாள். இந்தத் தடவை நான் சாமியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டுக்கும் பூசினேன். பிள்ளையார் கோயில் வாசலில் ஊர் கூடி அந்த இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி விழுந்து கும்பிட்டது. எது மாப்பிள்ளை, எது பெண் என்று பூசாரி கேட்டதற்கு, நைனா ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து ஏதோ ஒன்றைக் காட்டினார்.

பத்து நாளில் மழை வந்தது.